கடற்றொழிலும் தேகாப்பியாசமும்
(குருநகரில் வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



உடல் வருந்தித் தொழில் செய்யும் ஒருவர் நீச்சல், ஓட்டம், உதைபந்தாட்டம் முதலியவற்றிலும் ஈடுபட்டுத் தம் குடும்பக் கடமைகளையும் வழுவாது நிறைவேற்றுவது எங்ஙனம் என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருளாகும். இவ்வினாவைக் கந்தோர் உத்தியோகத்தர் மத்தியில் எழுப்பினால் விடை இலகுவாகக் கிடைத்துவிடும். நாள் முழுவதும் கதிரையில் இருந்தவருக்கு மாலை ஓட்டம் நல்ல மருந்து. ஆனால், இரவெல்லாம் வலை வளைத்து, விடியற்காலையில் கரை சேர்ந்து, மீனை விலைப்படுத்தி, வலையையும் பொத்திவிட்டு வீடு செல்லும் ஒரு தம்பியை நோக்கி, "பின்னேரம் மைதானத்துக்கு வா" என்று அழைக்கும்போது, அது அவருக்கு மருந்தாகுமா அன்றி மற்றுமொரு சுமையாகுமா என்பதைச் சிந்தித்தல் வேண்டும். கரையூர் என்று முன்னாளில் வழங்கிய இந்தக் குருநகரிலே இதைப் பேசுவது மிகப் பொருத்தமுடையது. இங்கே உழைப்பும் உண்டு. விளையாட்டில் வேட்கையும் உண்டு. இரண்டுக்கும் போதிய நேரந்தான் இல்லை.

முதலில் நம்மவர் செய்த அருஞ்செயல்களை நினைவுகூர்வோம். தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி அவர்கள் 1954 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வல்வெட்டித்துறையில் கடலில் இறங்கி, ஏறக்குறைய 27 மணி நேரம் நீந்திக் கோடிக்கரையை அடைந்தார். பாக்குநீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதர் அவரே. முப்பது மைலுக்கு மேற்பட்ட அக்கடலில் ஒரு பகலும் ஓர் இரவும் கழிப்பதென்றால் கைவலிமை மாத்திரம் போதாது. அமைதியான மனமும், நீரோட்டத்தின் போக்கை அறிந்தவர் துணையும் வேண்டும்.

அவருக்குப் பின் வந்தவர் ஆழிக்குமரன் எனப் புகழப்பெற்ற வல்வெட்டித்துறை ஆனந்தன் அவர்கள். பிள்ளைப் பருவத்தில் இளம்பிள்ளைவாதத்தால் வருந்தியவர்; சட்டம் பயின்றவர். 1971 ஆம் ஆண்டில் பாக்குநீரிணையை ஒரே தொடர்ச்சியாகப் போகவும் மீளவும் 51 மணி நேரத்தில் நீந்தி முடித்தார். வேறு பல உலக சாதனைகளும் செய்தார். அவரே 1984 ஆகஸ்டு 6 ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர் நீத்தார். அவருடைய முடிவுக்கு இன்னதே காரணம் என்று தீர்ப்புக் கூறுவது எமது வேலையன்று. எனினும் வாலிபர் அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு. நமது கடல்நீர் பெரும்பாலும் 27 பாகைக்குக் குறைவதில்லை. ஆங்கிலக் கால்வாயின் நீரோ கோடையிலும் 15 முதல் 18 பாகை வரையிலேயே நிற்பது. ஒரு கடலுக்குப் பழகிய உடம்பு மற்றொரு கடலுக்குப் பழகியதாகிவிடாது. உடம்பு கேட்பது வீரம் மட்டுமன்று, காலமுமாகும்.

விமானப்படையில் பணிபுரிந்த றொஷான் அபேசுந்தர என்பார் 2021 ஏப்ரிலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சென்று மீண்டு, 28 மணி 19 நிமிடத்தில் அந்த இருவழி நீச்சலை முடித்தார். ஐம்பது ஆண்டுகளாக நின்ற நேரம் முந்தப்பட்டது.

இனி, தொழிலும் விளையாட்டும் ஒருங்கே நடத்திய பிறநாட்டார் சிலரைக் காண்போம். நவரத்தினசாமி அவர்கள் கோடிக்கரையை அடைந்து ஆறு வாரங் கழித்து, 1954 மே 6 ஆம் நாள், றொஜர் பனிஸ்ரர் என்ற இங்கிலாந்து வாலிபர் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடினார். நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடிய முதல் மனிதர் இவர். அப்போது அவர் வைத்திய மாணவர். மத்தியான உணவு வேளையிலேயே பெரும்பாலும் பயிற்சி செய்தார். சாதனை செய்த அன்று காலையும் இலண்டன் ஆஸ்பத்திரிக்குச் சென்றுவிட்டே ஒக்ஸ்போட்டுக்குப் புகையிரதம் ஏறினார். நாம் கவனிக்க வேண்டியது இதனினும் சிறந்த வேறொன்றாகும். அவ்வாண்டு இளவேனிலில் அவருடைய பயிற்சி ஓரிடத்தில் முட்டி நின்றது. கால் மைலைப் பத்து முறை ஓடும் பயிற்சியில் 61 செக்கனுக்குக் கீழே இறங்க முடியவில்லை. அவர் என்ன செய்தார்? இன்னும் கடுமையாக ஓடினாரா? இல்லை. ஸ்கொத்லாந்து மலைகளில் ஏறச் சென்று, திரும்பியதும் சில நாள் ஓய்ந்திருந்தார். மீண்டும் ஓடியபோது 59 செக்கன் வந்தது. ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதி என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

றொன் ஹில் என்பவர் நெசவு இரசாயன ஆராய்ச்சியாளர். வேலைக்கு ஓடியே சென்று, ஓடியே வீடு திரும்பினார். 1970 ஆம் ஆண்டு பொஸ்ரன் மரதன் ஓட்டத்தில் 2 மணி 10 நிமிடம் 30 செக்கனில் வெற்றி பெற்றார். யப்பானியராகிய யூக்கி கவாவுச்சி ஒரு பாடசாலையின் அலுவலகத்தில் முழுநேர ஊழியராக இருந்துகொண்டே 2018 ஆம் ஆண்டு அதே பொஸ்ரன் ஓட்டத்தில், கொட்டும் குளிர்மழையில் முதல்வராக வந்தார். அவுஸ்திரேலியாவில் உருளைக்கிழங்கு பயிரிட்ட கிளிவ் யங் என்னும் கமக்காரர் 1983 ஆம் ஆண்டில், தமது 61 ஆவது வயதில், சிட்னியிலிருந்து மெல்பேண் வரையுள்ள 875 கிலோமீற்றரை 5 நாள் 15 மணி 4 நிமிடத்தில் ஓடி முதலிடம் பெற்றார். மற்றவர் உறங்கிய வேளையில் அவர் தொடர்ந்து ஓடினார் என்று கூறுவர். இதைக் கேட்டு, "உறக்கம் வேண்டாம்" என்று எவரும் முடிவு செய்துவிடக் கூடாது. ஒரு போட்டிக்குள் உறக்கத்தைக் குறைப்பது வேறு; வாழ்க்கை முழுவதும் குறைப்பது வேறு. பல்லாண்டு வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் மெல்ல மெல்ல நடந்தும் ஓடியும் வளர்ந்த பொறுமையே அவரது மூலதனம்.

இவற்றிலிருந்து நம் ஊர் வாலிபர் கைக்கொள்ளத் தக்கவை எவை?

முதலாவது, தொழிலிலே படும் களைப்பையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். "நான் தினமும் வலை இழுக்கிறேன், எனக்கு வேறு பயிற்சி எதற்கு?" என்று சிலர் கேட்பர். "வலை இழுப்பது தொழில், பயிற்சி வேறு" என்று கூறி அதன்மேல் அளவில்லாமல் ஓடுவர் வேறு சிலர். இரண்டும் பிழை. வலை இழுப்பதால் தோளும் முதுகும் கையும் வலுப்பெறும். ஆனால் பல மணி நேரம் குனிந்தும் நின்றும் ஒரே வகையில் உழைப்பது இருதயத்துக்கு ஓட்டமும் நீச்சலும் தரும் நன்மையைத் தருவதில்லை. ஓய்வில்லாத கடும் உடலுழைப்பு, விளையாட்டைப் போல உடம்பைக் காப்பதில்லை என்று டென்மார்க்கு ஆராய்ச்சியாளரும் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆகவே தொழிலாளிக்கும் பயிற்சி வேண்டும். அது கந்தோர்க்காரரின் அளவில் அன்று. வாரம் ஆறு நாள் என்று புத்தகத்தில் எழுதியிருந்தால் அவருக்கு மூன்று நாள் போதும்.

ஒரு நன்மை நம்மவர்க்கு இயல்பாகவே கிடைத்துள்ளது. குளிர்நாட்டிலிருந்து வரும் வீரர் வெப்பத்துக்குப் பழக பத்து முதல் பதினான்கு நாள் வரை தேவைப்படும். நம் தொழிலாளிக்கு வெயில் பழைய நண்பன்.

இரண்டாவது, பயிற்சி அட்டவணையைக் கிழமையைக் கொண்டு வகுக்காமல் காற்றைக் கொண்டு வகுத்தல் வேண்டும். இதுவே நாம் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது. கடற்றொழிலாளிக்குத் திங்கள் செவ்வாய் என்பதைவிடச் சோளகமும் வாடையும், நிலவும் இருட்டுமே நாட்காட்டி. மீன் நன்றாகப் படும் காலத்தில் எவரும் கரையில் நிற்கமாட்டார், நிற்கவும் கூடாது. கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத நாட்களில் சந்தியில் பொழுது போக்குவதே வழக்கமாகிவிட்டது. அந்த நாட்களே பயிற்சிக்குரிய நாட்கள். ஓடுவதையும் நீண்ட நேரப் பயிற்சியையும் அப்போது வைத்துக்கொள்ளலாம்.

"அப்படியானால் தொழில் மிகுந்த காலத்தில் பெற்றதெல்லாம் போய்விடாதா?" என்று கேட்பீர்கள். போகாது. ஹிக்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1980களில் இதனைச் சோதித்துப் பார்த்தார். வாரம் ஆறு நாள் பயிற்சி செய்து வலுப்பெற்றவர்களை இரண்டு நாளாகக் குறைக்கச் செய்தபோது, பதினைந்து வாரங் கழிந்தும் அவர்கள் பெற்ற மூச்சு வலிமை பெரும்பாலும் குன்றவில்லை. ஆனால் பயிற்சியின் வேகத்தைக் குறைத்தவர்களிடம் அது குன்றியது. ஆதலால் நெருக்கடியான காலத்தில் நாட்களைக் குறையுங்கள். நேரத்தையும் சிறிது குறையுங்கள். வேகத்தை மாத்திரம் கைவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு தடவை, அரை மணிக்கும் குறைவான நேரம், உண்மையாக ஓடினால் அடுத்த பருவம் வரும்வரை முதலீடு அழியாது.

மூன்றாவது, உணவும் நீரும் உறக்கமும். வெயிலில் உழைப்பவர் மணிக்கு ஒரு லீற்றர் வரை, சில வேளை அதற்கு மேலும் வியர்வையை இழப்பர். நீருடன் உப்பும் போகிறது. வெறும் நீரை மட்டும் அளவின்றிக் குடித்தாலும் இரத்தத்தின் உப்பு குறைந்து ஆபத்து நேரலாம். நம் முன்னோர் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துப் பழந்தண்ணீர் குடித்ததில் அறிவிருந்தது. மோரும் இளநீரும் அத்தகையனவே. மீனும் நண்டும் இறாலும் கீரையும் இட்டுக் காய்ச்சும் ஒடியற்கூழில் உழைத்த உடம்பு கேட்கும் மாவும் புரதமும் உப்பும் நீரும் ஒரு சட்டியிலேயே இருக்கின்றன. கடையில் விற்கும் நிறமூட்டிய பானத்துக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை.

இரவுத் தொழில் செய்பவர் ஒரே தொடர்ச்சியாக உறங்குவது அரிது. காலையில் நான்கு ஐந்து மணி நேரமும் பின்னேரம் ஒன்றிரண்டு மணி நேரமும் எனப் பகுத்தாயினும் ஏழு மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உறங்கி எழுந்தவுடன் நாடித் துடிப்பை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கலாம். வழக்கத்திலும் பத்துத் துடிப்பு மிகுந்திருந்தால் உடம்பு இன்னும் ஆறவில்லை என்பது பொருள். அன்று மைதானம் வேண்டாம். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு.

இங்கே ஓர் எச்சரிக்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அட்டைக்கும் சங்குக்கும் காற்றுச் சிலிண்டர் பூட்டி ஆழத்தில் குளிப்பவர்கள் அன்று மாலை விளையாடுதல் ஆகாது. ஆழத்தில் இரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைதரசன் மெல்ல மெல்லவே வெளியேறும். அது வெளியேறு முன் கடுமையாக ஓடினால் குமிழியாகி மூட்டையும் முள்ளந்தண்டையும் தாக்கலாம். காலிழந்து கிடக்க நேரும். "உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்ற சொல்லை அன்று நம்பக் கூடாது. அவ்வாறே கடலில் நீந்திப் பழகுவோர் தனியே செல்லாது பக்கத்தில் ஒரு வள்ளத்தை வைத்துக்கொள்ளுதல் வேண்டும். சாதனையாளர் எவரும் வள்ளமின்றிப் பாக்குநீரிணையில் இறங்கியதில்லை.

நான்காவதாக வீட்டுக்கு வருவோம். இவ்வூரில் கடலுக்குப் போனவர் திரும்பி வருவது எக்காலத்திலும் உறுதியாக இருந்ததில்லை. 1986 யூன் 10 ஆம் நாள் மண்டைதீவுக் கடலில் குருநகர்த் தொழிலாளர் முப்பத்தொருவர் கொல்லப்பட்டதை மறந்த தெரு இங்கில்லை. பின்னர் கடலே தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளும் வந்தன. அப்படிப்பட்ட ஊரிலே ஒரு தாய், ஒரு மனைவி, ஒரு பிள்ளை வாசலில் நின்று வழி பார்ப்பது வெறும் வழக்கமன்று. கடலிலிருந்து கரைக்கு வந்தவர் வீட்டுக்கு வராமல் நேரே மைதானத்துக்குப் போனால், அவர்கள் இரண்டு முறை காத்திருக்க வேண்டியவர்களாகின்றனர். இதை வாலிபர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆதலின் ஓர் ஒழுங்கு கூறுவோம். முதலில் வீடு, பின்பு உறக்கம், அதன்பின் மைதானம். எந்த நாள் பயிற்சி, எந்த நாள் கலியாண வீடு, எந்த நாள் கோயில் திருவிழா என்பதை மாதத் தொடக்கத்திலேயே வீட்டாருடன் இருந்து பேசி முடிவு செய்தல் நன்று. சொல்லாமற் போவதால் வரும் சண்டையில் பாதி இதனால் ஒழியும். பிள்ளைகளையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று நீந்தப் பழக்கினால் அது பயிற்சியுமாகும், பிள்ளை வளர்ப்புமாகும். வீட்டுப் பெண்மக்களுக்கும் தேகாப்பியாசம் வேண்டும் என்பதை மறத்தல் கூடாது. மீன் விற்றும் வலை பொத்தியும் வீட்டைக் கொண்டு நடத்தியும் அவர்கள் படும் பாடு ஆண்களின் பாட்டிலும் குறைந்ததன்று. கணவர் இரண்டு பின்னேரம் மைதானத்துக்குச் சென்றால், ஒரு பின்னேரமாவது பிள்ளைகளைத் தாம் பார்த்துக்கொண்டு மனைவியை ஓய்வாக இருக்கவோ நடக்கவோ விடுவது நீதி.

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. மாலை நான்கு மணிக்கே பயிற்சி என்று வைத்தால் நான்கு மணிக்கு வள்ளம் இறக்குபவர் என்ன செய்வார்? தொழிலாளரின் நேரத்தை அறிந்து, கடல் மூடிய நாட்களில் கூட்டுப் பயிற்சியை வைத்து, வராதவரை அணியிலிருந்து உடனே நீக்காதிருந்தால், நல்ல வீரர் பலர் இருபத்தைந்து வயதிலே விளையாட்டைக் கைவிட மாட்டார். கலியாணம் முடிந்ததும் காலணியைத் தூக்கி வைப்பது நம்மிடையே பெருவழக்காயிருக்கிறது. கிளிவ் யங் 61 வயதில் ஓடினார் என்றால் நம்மவர் முப்பதிலே முதியவராவது ஏன்?

அன்பர்களே, சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். அந்தச் சுவரைத் தொழிலும் விளையாட்டும் வீடும் மூன்றுமாக எழுப்புகின்றன. ஒன்றுக்காக மற்றொன்றை இடித்தல் ஆகாது. வருகிற சோளகத்தில் கடல் பொங்கி வள்ளங்கள் கரையேறும்போது நீங்கள் மைதானத்திலும் நீர்க்கரையிலும் காணப்படுவீர்கள் என்று நம்புகின்றோம்.