தனுஷ்கோடி என்றொரு ஊர் இருந்தது
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர் கல்வியின் பெருமையைப் பேசிவிட்டு உட்காருவதுதான் வழக்கம். அதை உங்கள் ஆசிரியர்கள் தினமும் சொல்கிறார்கள். நான் ஓர் ஊரைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

நானும் கெடா மாநிலத்துத் தோட்டப் பிள்ளைதான். நான் பிறந்த தோட்டம் இன்று இல்லை. பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள்; பிறகு செம்பனையையும் சாய்த்துத் தாமான் கட்டினார்கள். லயன் வீடு, பெரட்டு நடந்த களம், ஆயாக் கொட்டகை எதுவும் மிச்சமில்லை. மாரியம்மன் கோயில் மட்டும் கார் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்திலே நிற்கிறது. இங்கே இருக்கிற பெற்றோரில் பல பேருக்கு இதே கதைதான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தனுஷ்கோடி ஞாபகம் வந்தது.

ராமேஸ்வரம் ஒரு தீவு. பாம்பனில் கடலைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தத் தீவின் தென்கிழக்கு முனையிலே, ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறு பக்கம் மன்னார் வளைகுடா, நடுவே ஒடுங்கிய மணல்திட்டு. அதன் மேல் இருந்த ஊர் தனுஷ்கோடி. 1914-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு சென்னை எழும்பூரிலே ஒரே டிக்கெட் வாங்கினால் போதும். ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் ஏறத்தாழ 22 மைல் தாண்டித் தலைமன்னார், மறுபடியும் ரயில் ஏறிக் கொழும்பு. 'போட் மெயில்' என்று அதற்குப் பெயர். ஊரிலே ரயில் நிலையம், தபாலாபீஸ், சுங்கச்சாவடி, பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் இருந்தன.

எங்கள் தாத்தா ராமநாதபுரத்துச் சீமைக்காரர். "ஒரே ஊர்ல அண்ணன் தனுஷ்கோடிப் பக்கம் போனான், தம்பி நான் நாகப்பட்டணம் பக்கம் வந்தேன்" என்பார். அண்ணன் மண்டபம் முகாமில் அடைபட்டிருந்து, அம்மை, காலரா இல்லை என்று பார்த்த பிறகு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். தம்பி நாகப்பட்டணத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிக் கெடாவுக்குப் பால் வெட்ட வந்தவர். அவ்வளவுதான் வித்தியாசம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் அதற்கப்புறம் முகம் பார்த்துக்கொள்ளவே இல்லை.

1964 டிசம்பர் 22 இரவு பெரும்புயல் அடித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய பாசஞ்சர் ரயில் ஊரை நெருங்கும்போது சிக்னல் விளக்கு எரியவில்லை. ஓட்டுநர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஊதல் ஊதிக்கொண்டே வண்டியை நகர்த்தினார். அலை வந்து வண்டியோடு வாரிக்கொண்டு போய்விட்டது. 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள் என்று கணக்கிட்டார்கள். டிக்கெட் எடுக்காமல் ஏறினவர்கள் எத்தனை பேரோ, அது யார் கணக்கிலும் வராது. ஊரும் அதே இரவில் போனது. அப்புறம் சென்னை அரசாங்கம், தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்துவிட்டது.

இதையெல்லாம் நாம் எங்கேயோ நடந்த கதையாகக் கேட்க முடியாது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை கோத்தா கோலா மூடாவுக்கும் வந்ததே! அலை தூக்கிப்போட்ட படகுகளை அங்கே நினைவாக வைத்திருக்கிறார்கள். பெரிய பிள்ளைகள் போய்ப் பார்த்திருப்பீர்கள்.

பாம்பன் பாலத்தில் 145 இரும்புச் சட்டங்களில் 126 விழுந்துவிட்டன. சரிசெய்யும் பொறுப்பு ஸ்ரீதரன் என்கிற இளம் பொறியாளரிடம் வந்தது. ஆறு மாதம் என்றார்கள், பிறகு மூன்று மாதம் என்றார்கள். அவர் 46 நாளில் முடித்துவிட்டார். கடலில் விழுந்த சட்டங்களையே தூக்கியெடுத்து மறுபடி பூட்டினார். பின்னாளில் கொங்கண் ரயிலும் டில்லி மெட்ரோவும் போட்டவர் அவர்தான். அந்தப் பழைய பாலத்தில் 2022 வரைக்கும் ரயில் ஓடியது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தாயிற்று.

பாலத்துக்கு 46 நாள். ஊருக்கோ அறுபது வருஷம் கழிந்தும் தண்டவாளம் திரும்பி வரவில்லை. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மணல்திட்டில் பழையபடி ஊர் கட்டுவது ஆபத்து என்று படித்தவர்கள் சொன்னது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் அங்கே இருந்தவர்களை யாராவது கேட்டார்களா என்பதுதான் என் மனதை உறுத்துகிறது.

இன்னொன்று. புயலுக்கு இரண்டே மாதம் முன்னால், 1964 அக்டோபர் 30-ஆம் தேதி, சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவு. அவர்களுடைய பெரியவர்கள் கப்பலேறிய துறை போய்விட்டதால், பின்னால் ராமேஸ்வரத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். தேயிலைக் காட்டைத் தவிர வேறெதையும் பார்த்திராத பிள்ளைகள் 'சொந்த ஊர்' என்று இறங்கினார்கள். இங்கேயும் 1969-க்குப் பிறகு குடியுரிமைப் பத்திரமும் வேலை பெர்மிட்டும் இல்லாமல் கப்பலேறினவர்களை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் லயனிலே மூன்று வீடு ஒரே மாதத்தில் காலியானது. ஒரு வீட்டுப் பையன் என்னோடு படித்தவன். சிலேட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

சரி, பிள்ளைகள் முகம் வாடுகிறது. உங்களுக்காக ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன்.

1931-இல் ராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் பிறந்தவர் அப்துல் கலாம். அவருடைய அப்பா மரப் படகு கட்டி, யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிப்போனவர். சீதா கல்யாண உற்சவத்துக்கு, குளத்து நடுவே சாமியைக் கொண்டுபோகப் படகு கட்டிக் கொடுத்ததும் அந்த முஸ்லிம் குடும்பந்தான். இரண்டாம் உலகப் போர் வந்தபோது புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி. எட்டு வயதுப் பையன் அதைப் பொறுக்கிக் கடையில் போட்டு ஓரணா சம்பாதித்தார். பிறகு ரயில் ராமேஸ்வரத்தில் நிற்காது என்றாகிவிட்டது. தனுஷ்கோடி போகிற வண்டியிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வெளியே எறிவார்கள். அதைப் பிடித்து அடுக்குவது அவர் வேலை. முதல் சம்பளம் அதுதான்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு புது வாத்தியார் வந்தார். முன் பெஞ்சில் கோயில் குருக்கள் மகனும் தொப்பி போட்ட கலாமும் சேர்ந்து உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. கலாமைப் பின்னால் தள்ளினார். குருக்கள் மகன் அழுதுவிட்டான். விஷயம் தெரிந்த குருக்கள் லட்சுமண சாஸ்திரி என்ன செய்தார் தெரியுமா? வாத்தியாரைக் கூப்பிட்டனுப்பி, பிள்ளைகள் மனசில் நஞ்சைக் கலக்காதே என்று கண்டித்தார். நம் தோட்டங்களில் மேலலயன் கீழலயன் என்று பார்த்த பெரியவர்கள் இதைக் கொஞ்சம் காதில் வாங்கிக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ள வேண்டாம், எங்கள் வீட்டிலும் பார்த்தார்கள்.

2018-இல் நான் ராமேஸ்வரம் போயிருந்தேன். அதற்கு முந்தைய வருஷந்தான் தனுஷ்கோடி முனை வரைக்கும் தார்ச்சாலை திறந்திருந்தார்கள். மாதா கோயிலின் சுவர், பவளக்கல் சுவர், மேற்கூரை இல்லாமல் நிற்கிறது. வாழத் தகுதியில்லை என்று சொன்ன இடத்தில் மீனவர்கள் ஓலைக்குடிசை போட்டு வாழ்கிறார்கள். சங்கு, சிப்பி விற்கிறார்கள், வறுத்த மீன் விற்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் உண்டு.

எனக்குத் தாகம். ஓர் அம்மா குடிசைக்குப் பக்கத்திலே, கடலுக்கு வெகு அருகில், மணலைக் கையால் தோண்டினார். இரண்டு மூன்றடிதான், தண்ணீர் ஊறிற்று. அகப்பையால் மொண்டு கொடுத்தார். உப்பில்லை, இளநீர் மாதிரி இருந்தது.

"எந்த ஊருய்யா?" என்றார். மலேசியா, கெடாப் பக்கம் என்றேன்.

"அங்க நம்ம சனம் இருக்கா?"

"இருக்காங்க தாயி, தோட்டத்துல."

"தோட்டம் நல்லா இருக்கா?"

தோட்டம் போய்விட்டது, கோயில் மட்டும் இருக்கிறது, பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும் அங்கே வந்துவிடுகிறோம் என்று சொன்னேன். அவர் இடிந்த மாதா கோயில் பக்கம் கையைக் காட்டி, "எங்களுக்கும் அப்படித்தான்யா" என்று சொல்லிவிட்டு, இன்னொரு அகப்பை மொண்டு கொடுத்தார்.

பிள்ளைகளே, பரிசுப் புத்தகங்கள் மேசையில் காத்திருக்கின்றன.