துத்தநாகம் சேர்த்தால் காந்தம் குறையுமா?

(தென்காசியில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



குற்றாலத்திலிருந்து இறங்கித் தென்காசி வழியே ஓடும் சிற்றாற்றின் மணலில் ஒரு கைப்பிடி கொண்டுவந்திருக்கிறேன். காந்தத்தைக் காட்டினால் கறுப்புத் துகள்கள் மட்டும் ஒட்டுகின்றன, பாருங்கள். இவற்றில் முக்கியமானது மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. சேலம் கஞ்சமலைத் தாதுவும் இதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் இதே சோதனையைச் செய்துவிட்டு, பழைய ரேடியோவின் ஃபெரைட் கம்பியை வகுப்பில் காட்டினேன். "இதுவும் இரும்பு ஆக்சைடுதான். நிக்கலும் துத்தநாகமும் கலந்திருக்கும்" என்றேன். ஒரு மாணவி எழுந்தாள். "துத்தநாகம் காந்தத்தில் ஒட்டாதே சார், சேர்த்தால் காந்தம் குறையாதா?" "குறையத்தான் செய்யும், விலை மலிவுக்காகச் சேர்க்கிறார்கள்" என்று சமாளித்தேன். தவறான விடை.

நிக்கல் ஃபெரைட்டில் உலோக அயனிகளுக்கு இருவகை இடங்கள் உண்டு. ஒன்றில் நான்கு ஆக்சிஜன்கள் சூழ்ந்திருக்கும், மற்றதில் ஆறு. இவ்விரு அணிகளும் கயிறு இழுக்கும் போட்டிபோல எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. 1948இல் இதை விளக்கிய லூயி நீல், 1970இல் நோபல் பரிசு பெற்றார்.

கரும்பலகையில் கணக்கிடுவோம். காந்தத் திருப்புத்திறன் இரும்பு அயனிக்கு 5, நிக்கலுக்கு 2, துத்தநாகத்துக்கு 0. முதல் அணியில் 10 இரும்பு: 50. எதிரணியில் 10 இரும்பு, 10 நிக்கல்: 70. மிச்சம் 20.

இப்போது 2 நிக்கலுக்குப் பதிலாக 2 துத்தநாகம். துத்தநாகம் முதல் அணியின் இடத்தையே நாடும். அங்கிருந்த 2 இரும்பு எதிரணிக்குப் போய், நிக்கல் விட்ட இடத்தில் அமரும். முதல் அணி 40. எதிரணி 60உம் 16உம் சேர்ந்து 76. மிச்சம் 36! மிகக் குளிர்ந்த நிலையில் அளந்த மதிப்புகளும் இதையொட்டியே வருகின்றன.

அளவு மீறினால் முதல் அணியில் இழுக்க ஆளிருக்காது, கயிறு தொய்ந்துவிடும். நிக்கல் முழுவதையும் நீக்கித் துத்தநாக ஃபெரைட் ஆக்கினால், அறை வெப்பநிலையில் அது காந்தத்தில் ஒட்டுவதில்லை.

ஆக, எந்தத் தனிமம் என்பதோடு, அது எங்கே அமர்கிறது என்பதும் காந்தத்தைத் தீர்மானிக்கிறது. மாணவர்களை இரண்டு அணியாக நிறுத்தி, ஆள் மாற்றிக் காட்டினால் எட்டாம் வகுப்புக்கும் புரியும்.

சரியான விடையை நான் படித்தறிந்தபோது அந்த மாணவி பள்ளியை முடித்துப் போயிருந்தாள். "தெரியாதும்மா, படித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று அன்றே சொல்லியிருக்கலாம். நீங்கள் சொல்லுங்கள்.