காந்தமும் உடலில் உறையும் இரும்பும்

நோயைக் கண்டறிய வந்த கருவியே நோயாளிக்குத் தீங்கு விளைப்பதுண்டோ? உண்டு. எம்.ஆர்.ஐ. ஸ்கான் அத்தகையதே, ஆயினும் அத்தீங்கு தவிர்க்கத்தக்கது.

அக்கருவி ஒரு பெருங்காந்தம். வைத்தியசாலைகளிற் பெரிதும் வழங்கும் 1.5 டெஸ்லாக் காந்தம், பூமியின் காந்தப் புலத்திலும் ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது. ஓசை அடங்கிய வேளையிலும் அதன் ஈர்ப்பு அடங்குவதில்லை. 2018 சனவரியில், மும்பாய் நாயர் வைத்தியசாலையில், நோயாளியுடன் வந்த ஒருவர் ஒட்சிசன் உருளையோடு அவ்வறைக்குட் சென்றார்; உருளையோடு இழுக்கப்பட்டு உயிர் நீத்தார்.

கையிலுள்ள இரும்பை வாயிலில் வைத்துவிடலாம். உடலினுள் இருப்பதை என் செய்வது?

நடுக்குவாத நோயாளர் சிலருக்கு மூளையில் மெல்லிய கம்பியைச் செலுத்தி, மார்புத் தோலின்கீழ் மின்கருவியொன்றைப் பொருத்துவர். இது நரம்புத் தூண்டி. ஸ்கானின் வானொலி அலைகள் அக்கம்பியின் முனையைச் சூடேற்றக்கூடும். இவ்வாறு சிலர் நினைவிழந்தமையும், நிலையான நரம்புப் பாதிப்புற்றமையும் குறித்து அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2005இல் எச்சரித்தது. இன்றைய தூண்டிகள் பலவற்றை, வகுத்த நிபந்தனைகளுக்கு அமைய ஸ்கான் செய்யலாம். ஆதலின் அவற்றின் அடையாள அட்டையை நோயாளி எப்போதும் உடன் வைத்திருத்தல் வேண்டும்.

வன்னி மக்களுக்கோ இவ்வினா வேறொரு வழியில் வருகின்றது. 2009 மே மாதத்தில் முடிவுற்ற போரில் காயமுற்றோர் பலரின் உடலில் எறிகணைத் துண்டுகள் இன்றும் தங்கியுள்ளன. துப்பாக்கிக் குண்டின் ஈயம் காந்தத்துக்கு இசையாது. எறிகணையின் உருக்கோ இசையும். தசையில் நெடுங்காலம் உறைந்த துண்டு பெரும்பாலும் அசைவதில்லை. கண், முள்ளந்தண்டு, பெருங்குருதிக்குழாய் ஆகியவற்றின் அருகிலுள்ளதே அஞ்சத்தக்கது. கண்ணுட் கிடந்த சிறு இரும்புத் துணுக்கு ஸ்கானின்போது அசைந்து, தொழிலாளி ஒருவரின் ஒரு கண் பார்வையைப் போக்கிய செய்தி 1986இல் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது.

அன்று கைக்குழந்தையாய் இருந்தவர் இன்று இளைஞர். தம் உடலிலுள்ள துண்டைத் தாமே அறியாதிருத்தல் கூடும், தாய் அறிவார். அதை அவர் பிள்ளைக்குச் சொல்லிவைத்தல் நன்று. பழைய எக்ஸ்றேப் படங்களையும் வைத்தியக் குறிப்புகளையும் பேணி வைப்பதும் நன்று.

ஸ்கானுக்கு முன் வினாத்தாள் ஒன்று தரப்படும். அதனை வெறுஞ் சடங்கென எண்ணலாகாது. ‘உண்டு’ என்பாருக்கு ஸ்கான் மறுக்கப்பட்டே தீரும் என்பதுமில்லை. எக்ஸ்றே எடுத்துத் துண்டு இருக்குமிடத்தை அறிவர், ஆபத்தெனிற் சி.ரி. ஸ்கான் போன்ற வேறு வழி நாடுவர். ஐயமுற்றால் ‘ஐயம்’ என்றே சொல்லுக. மறைத்த விடையே உயிருக்கு ஊறு. உரைத்த விடை காப்பு.