காரணம் அறியா நோய்க்கு ஒரு சிறப்பு மலர்

(மருத்துவ ஆராய்ச்சிச் சஞ்சிகையொன்றின் ஆசிரியர் குழுக் கூட்டத்தில் வைத்தியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



நமது சஞ்சிகையின் அடுத்த ஆண்டு இதழ்களுள் ஒன்றை, காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்க்கெனத் தனியே ஒதுக்கிச் சிறப்பு மலராக வெளியிட வேண்டும் என்னும் பிரேரணையை உங்கள்முன் வைக்கின்றேன்.

1990ஆம் ஆண்டுகளில் வட மத்திய மாகாணத்தின் கமப் பகுதிகளில் இந்நோய் இனங்காணப்பட்டது. நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத கமக்காரர், சிறுநீரகம் பழுதுற்ற நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தனர். உலக சுகாதார தாபனமும் நமது சுகாதார அமைச்சும் கூட்டாக நடத்திய ஆய்வு 2013இல் வெளியாயிற்று. அனுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களில் ஆராயப்பட்ட பெண்களில் 16.9 வீதத்தினருக்கும், ஆண்களில் 12.9 வீதத்தினருக்கும் இந்நோய் இருக்கக் காணப்பட்டது. எனினும் முற்றிய நிலையை எய்தியவர்கள் ஆண்களிலேயே அதிகம். நோய் மாகாண எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. வவுனியாவிலும் நோயாளர் உளர்.

காரணமே துணியப்படாதபோது மலர் எதற்கு என்று நீங்கள் வினவலாம். துணியப்படாமையே மலருக்குரிய நியாயம் என்பேன். ஒருவர் நிலத்தடி நீரின் கடினத்தையும் புளோரைட்டையும் சுட்டுகின்றார். மற்றொருவர் கட்மியம், ஆர்சனிக் என்கின்றார். வேறொருவர் கிருமிநாசினியை, இன்னொருவர் வெயிலில் நீரருந்தாது உழைப்பதைக் கூறுகின்றார். மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடையேயும், ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதையொத்த நோய் உண்டு. இவ்வாய்வுகள் வெவ்வேறு சஞ்சிகைகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றன் அருகில் ஒன்றை வைத்து நோக்கினாலன்றி எது நிற்கும், எது விழும் என்பது புலப்படாது.

ஆராய்ச்சி முடியுமுன் சட்டம் முந்திக்கொண்ட கதையையும் நாம் அறிவோம். கிளைபோசேற் களைநாசினி 2015இல் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலை, இறப்பர்ச் செய்கைக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டது. 2022இல் தடை நீக்கப்பட்டது. தடை வந்தபோதும் போனபோதும் அதன் பயனை வயலில் அனுபவித்தவன் கமக்காரன். அவனுக்குச் சான்றுகளை எடுத்துரைத்தவர் எத்தனை பேர்?

ஆகவே மூன்று நிபந்தனைகளை வேண்டுகின்றேன். முதலாவது, நீர், மண், உழைப்பு, சிகிச்சை என நான்கு பிரிவுகளில் கட்டுரைகளைக் கோருவோம். தொடர்பு எதுவும் காணப்படவில்லை என்று முடியும் ஆய்வுகளையும் தள்ளாது ஏற்போம். இல்லையென்ற முடிவும் அறிவே. இரண்டாவது, பணம் உதவியவர் யார் என்பதை ஒவ்வோர் ஆசிரியரும் வெளிப்படையாகக் கூறவேண்டும். இரசாயன வியாபாரத்தில் நலனுடையோர் கட்டுரைகளை மதிப்பிடலாகாது. மூன்றாவது, ஒவ்வொரு கட்டுரைக்கும் தமிழிலும் சிங்களத்திலும் எளிய சுருக்கம் இடம்பெறல் வேண்டும்.

இம்மூன்றாவதை வீண் செலவென்று சிலர் கருதக்கூடும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். கடல் கடந்து வந்தவர் அன்று செய்ததை, இம்மண்ணிற் பிறந்த நாம் இன்று செய்யத் தயங்குவது அழகன்று.

இந்நோய் தொடக்கத்தில் வலியின்றியே வரும். உடல் தளரும்போது சிறுநீரகம் பெரும்பகுதி அழிந்திருக்கும். அதன்பின் எஞ்சுவது இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிப்பதும், மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பதுமே. முன்கூட்டியே இரத்தத்தைச் சோதிக்க அவன் வரவேண்டுமாயின், ஏன் வரவேண்டும் என்பதை அவனது மொழியில் நாம் சொல்லியாக வேண்டும். நமக்குச் சோறளிப்பவன் தன் கிணற்று நீரை ஐயத்தோடு பருகுகின்றான். அந்த ஐயத்துக்கு விடை தேடுவது நமது கடன்.

பிரேரணையை ஏற்றருளுமாறு வேண்டி அமர்கின்றேன்.