ஸ்பூக் என்னும் சொல்



பிற மொழி வழங்கும் ஊரில் வாழும் நாம், அலுவலகத்திலும் அங்காடியிலும் நாள்தோறும் ஆங்கிலம் பேசுகிறோம். அகராதிப் பொருளை அறிந்தால் சொல்லையே அறிந்துவிட்டதாகக் கருதுகிறோம். அஃது அவ்வாறன்று என்பதற்கு ‘ஸ்பூக்’ என்னும் சொல் நல்ல சான்றாகும்.

பேய்க்கு ஆங்கிலத்தில் ‘கோஸ்ட்’ என்பது பொதுச்சொல். ‘ஸ்பூக்’ என்பது பேச்சு வழக்கில் விளையாட்டாகச் சொல்வது. டச்சு மொழியினின்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஆங்கிலத்திற் புகுந்த இச்சொல், பின்னர் வினைச்சொல்லாகிக் குதிரை மிரளுதலையும் குறித்தது. கண்ணிற் படாது உலவும் ஒற்றனுக்கும் 1940களில் இப்பெயர் வாய்த்தது. பிரிட்டிஷ் உளவுத் துறையைப் பொருளாகக் கொண்டு பி.பி.சி. நிறுவனம் 2002இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடருக்கு ‘ஸ்பூக்ஸ்’ என்றே பெயரிட்டனர்.

இதுவரை கேடில்லை. ஆனால் அதே 1940களில், அமெரிக்காவிற் கறுப்பின மக்களை இழித்துரைக்கும் வசையாகவும் இச்சொல் வழங்கலாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது அலபாமா மாநிலத்து டஸ்கிகியிற் பயிற்சி பெற்ற கறுப்பின விமானிகள், ஜெர்மன் விமானப் படையாகிய ‘லுஃப்ட்வாஃபே’யின் பெயரை ஒட்டித் தம்மை ‘ஸ்பூக்வாஃபே’ என அழைத்துக்கொண்டனர். எறிந்த கல்லையே எடுத்து அணியாக்கிக்கொண்ட துணிவு அது. எனினும் அவ்வுரிமை அவர்களுடையது. பிறருக்கு அஃது இல்லை.

பிலிப் ராத் 2000இல் வெளியிட்ட ‘தி ஹ்யூமன் ஸ்டெயின்’ என்னும் புதினத்தில், ஒரு பேராசிரியர் வகுப்பிற்கு ஒருநாளும் வாராத மாணவர் இருவரைப் பேய்களோ என்னும் பொருளில் ‘ஸ்பூக்ஸ்’ என்கிறார். அவ்விருவரும் கறுப்பினத்தவர் என்பதை அவர் அறியார். அவர் கொண்ட பொருள் ஒன்று. கேட்டோர் கொண்ட பொருள் மற்றொன்று. அதனால் எழுந்த குற்றச்சாட்டில் அவர் பதவியைத் துறக்கிறார்.

நம் தமிழுக்கும் இது புதிதன்று. பேய்மழை என்றால் மிகுதி. பேய்ச்சுரை என்றால் கசப்பு. காரைக்கால் அம்மையார் தம்மைப் பேய் என்றே பாடினார். அவரைப் போற்றிய சுந்தரரோ ‘பேயார்’ என மதிப்பு விகுதி சேர்த்தார். தம்மைத் தாம் சொல்வதும் பிறரைச் சொல்வதும் ஒன்றல்ல என்பதை அவ்விகுதி காட்டுகிறது.

ஆகவே அன்பர்களே, அச்சந்தரும் இடத்தை ‘ஸ்பூக்கி’ எனலாம், தவறில்லை. மனிதரை ‘ஸ்பூக்’ என விளையாட்டாகவும் சொல்லற்க. நம் பிள்ளைகளுக்குச் சொல்லின் பொருளைக் கற்பிக்கும்போது, அது யாரைப் புண்படுத்தும் என்பதையும் உடன் கற்பிப்போமாக.