வடகோடித் துறைமுகத்தில் மூன்றரை மணி நேரம்

(அம்பத்தூரில் நடைபெற்ற நம் சங்க மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற ஆடியில் நாம் நார்வே தேசம் சென்று வந்த வர்த்தமானத்தைக் கூறுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். காட்சிகளை வருணிக்கும் ஆற்றல் நமக்கில்லை. ஓர் ஊரைப் பற்றி மட்டும் சொல்லுகிறோம்.

ஆஸ்லோ நகரில் உத்தியோகம் பார்க்கும் நம் புதல்வன், நம்மையும் நம் மனைவியாரையும் பெர்கனிலிருந்து வடக்கே செல்லும் கரையோரக் கப்பலில் ஏற்றிவிட்டான். 1893-ம் வருஷத்தில் தபால் ஏற்றிச் செல்லத் தொடங்கிய மார்க்கம் அது. ஆறாம் நாள் முற்பகல் கப்பல் ஹொன்னிங்ஸ்வோக் என்னும் சிறு துறையில் நின்றது. உடன் வந்தோர் பலரும் வடமுனை என்னும் 307 மீட்டர் உயரப் பாறையைக் காண வண்டியேறினர். நம் மனைவியாரின் முழங்கால் வலியை முன்னிட்டு நாம் ஊருக்குள்ளேயே தங்கினோம். வண்டிக் கட்டணமும் ஒரு காரணம் என்பதை மறைப்பானேன்!

அவ்வூரில் மே மாத நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை சூரியன் மறைவதில்லை. குளிர்காலத்தில் இரண்டு மாதம் உதிப்பதுமில்லை. மரம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் கண்ணில் படவில்லை. வீடுகளெல்லாம் ஏறக்குறைய ஒரே வயதினவாய்த் தோன்றின. காரணம் விசாரித்தோம். 1944-ல் பின்வாங்கிய ஜெர்மானியச் சேனை அம்மாகாணம் முழுவதையும் எரித்துச் சென்றதாம். இவ்வூரில் மிஞ்சியது 1885-ல் கட்டிய வெண்ணிற மரக்கோயில் ஒன்றே. யுத்தம் முடிந்து திரும்பிய ஜனங்கள் முதலில் அதனுள்ளேதான் ஒதுங்கினர். நம் மனைவியார் அங்கே வெகுநேரம் பேசாது உட்கார்ந்திருந்தார்.

கடலோரத்தில் வெற்று மரச்சட்டங்கள் நின்றன. மாரிக் கடைசியில் பிடிக்கும் மீனை அவற்றில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். நம் பழவேற்காட்டுக் கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் வேண்டும். அங்கே உப்பே இல்லை, குளிர்காற்றே போதும்.

அவ்விடத்தில் ஒருவர், “நீங்கள் இந்தியாவோ, ஐயா?” என்று தமிழில் வினவினார். நமக்குண்டான திகைப்பைச் சொல்லி முடியாது. யாழ்ப்பாணத்தவர். 1983-ம் வருஷக் கலவரத்தின்பின் இளைஞராய் வந்து, அம்மாகாணத்து மீன் தொழிற்சாலையில் மீன் அறுத்தவர். அந்நாளில் அக்கடலோரத்து ஊர்களில் அவ்வாறு வந்த தமிழர் பலர். நம் தகப்பன்மாரும் 1960-களில் தொழிற்பேட்டை வேலையை நம்பித்தானே ஊரைவிட்டு அம்பத்தூர் வந்தனர்! முகம் தெரியாத இடத்தில் ஒருவருக்கொருவர் துணை வேண்டியே இச்சங்கத்தைக் கூட்டினர்.

அவர் தம் தாயாரை அழைத்து வைத்துக்கொண்டாராம். இரண்டாம் குளிர்காலத்தில் அம்மைக்கு உடம்பெல்லாம் வலி. வைத்தியர் சோதித்து ஒரு வியாதியுமில்லை என்றார். “வாசலில் நின்று கதைக்க ஆளில்லை, ஐயா; அதுதான் வியாதி” என்றார் அவர். பிறகு குடும்பத்தோடு ஆஸ்லோவுக்கு மாறினார். இப்போது பழைய சிநேகிதரைப் பார்க்க வந்தவர்.

இது அவர் ஒருவர் அனுபவமன்று. அன்னெ சிக்ஃப்ரித் க்ரொன்செத் என்னும் மானிடவியல் அம்மையார் வடநார்வேயின் மீனவ ஊர் ஒன்றில் தமிழரோடு பழகி ஆராய்ந்து, 2010-ல் வெளியிட்ட நூலில் காரணம் புலப்படாத இத்தகைய வலிகளையே விரித்துரைக்கிறார்.

இதை இங்கே சொல்லுவதற்குக் காரணமுண்டு. அம்பத்தூர் வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்திருக்கும்படி நம் புதல்வன் இரண்டு வருஷமாய் வற்புறுத்துகிறான். அவன் அன்பில் குறையில்லை. இச்சபையிலும் அவ்வாறு அழைக்கப்பட்டோர் பலர் இருப்பீர்கள்.

அந்த அன்பர் விடைபெறும்போது, “உங்கள் ஊரில் பாதி இரவில் ஒரு சுகவீனம் என்றால் யார் வருவினம்?” என்று கேட்டார். நம் மனைவியார் தெருவாரைப் பெயர் சொல்லி விரல்விட்டு எண்ணினார், ஏழு வந்தது. நாம் மனத்துள் எண்ணிப் பார்த்தோம். அவ்வேழில் மூவர் இப்போது பிள்ளைகளோடு வெளிதேசத்தில் இருக்கின்றனர். அதை அப்போது நாம் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அன்றிரவு பன்னிரண்டு மணிக்கும் கடல்மேல் வெயில் காய்ந்தது. கப்பல் தட்டில் நின்றபடியே நம் மனைவியார் புதல்வனோடு தொலைபேசியில் பேசி, வீடு விற்பதில்லை என்று முடித்துவிட்டார். நாம் இன்னும் முடிவு செய்யவில்லை.