கடையின் இடமும் ஆளின் இடமும்

(ஆலயத் திருவிழாவையொட்டிக் குளுவாங்கில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முன்னாளில் ஊருக்குப் புதிதாக வந்தவர் கோபுரத்தைக் கண்டு திசையறிந்தார். கோபுரம் தென்படாத இடத்தில் தேநீர்க் கடையில் நின்று வழி கேட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அக்காலத்து மொழி. இன்றோ ஆயர் ஈத்தாம் வழியாகக் குளுவாங்கை நோக்கி வருகின்ற குடும்பத்தினர் எவரிடமும் வாய் திறப்பதில்லை. வேஸ் அல்லது கூகுள் வரைபடம் சொல்லும் சந்தியில் திரும்புகின்றனர். அது காட்டும் உணவகத்தில் உண்கின்றனர். உண்டதைப் படமெடுத்து, இடத்தின் பெயரோடு முகநூலில் பதிவிடுகின்றனர். 1938 முதல் இரயில் நிலையத்தில் புகழ்பெற்ற காப்பியையும், லம்பாக் மலையையும் தேடி வெளியூரார் வருவதற்கு அத்தகைய படங்களே அழைப்பிதழ்கள் ஆகின்றன. 2025ஆம் ஆண்டில் ஈ.டி.எஸ். மின் இரயில் சேவையும் இவ்வூரை எட்டியபின், வருகின்றவர்களுக்கு வழி மேலும் எளிதாயிற்று.

இதனால் வணிகம் பெறும் நன்மை யாது, குடும்பம் வகுத்துக்கொள்ள வேண்டிய எல்லை யாது என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

முதலில் இக்கருவி இயங்கும் விதத்தை அறிதல் நலம். பூமிக்கு மேல் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் இடைவிடாது சைகைகளை அனுப்புகின்றன. குறைந்தது நான்கு கோள்களின் சைகைகளைப் பெற்று, கைப்பேசி தான் நிற்கும் இடத்தைத் தானே கணக்கிடுகின்றது. இராணுவத்திற்கென அமெரிக்கா அமைத்த இம்முறையில், பொதுமக்களுக்குக் கிட்டிய துல்லியம் வேண்டுமென்றே குறைக்கப்பட்டிருந்தது. அத்தடை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டது. இங்கே நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. வானத்துக் கோளுக்கு எவர் எங்கே நிற்கின்றார் என்பது தெரியாது. அதைப் பிறருக்கு எடுத்துச் சொல்வது கைப்பேசியில் உள்ள செயலியே. அச்செயலிக்கு அனுமதி அளிப்பவர் கைப்பேசிக்கு உரியவரே.

இடத்தை அறிவித்து மகிழும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியவற்றுள் ஃபோர்ஸ்குவேர் குறிப்பிடத்தக்கது. டென்னிஸ் கிரௌலி என்பவரும், சென்னையில் பிறந்த நவீன் செல்வதுரையும் 2009ஆம் ஆண்டில் நியூயார்க்கில் அதனைத் தொடங்கினர். ஒருவர் ஓர் உணவகத்திற்குள் நுழைந்ததும், தாம் அங்கிருப்பதைப் பதிவு செய்வார். ஓரிடத்திற்கு மிகுதியான நாள்கள் வந்தவருக்கு அவ்விடத்தின் 'மேயர்' என்ற விளையாட்டுப் பட்டம் கிட்டும். 2010ஆம் ஆண்டில் ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடைகள் அமெரிக்காவில் இம்மேயர்களுக்கு விலையில் ஒரு டாலர் தள்ளுபடி அளித்தன. அடிக்கடி வரும் வாடிக்கையாளரின் முகமறிந்து உபசரிக்கும் பழைய வணிக மரபே புதிய உருவில் வந்தது எனலாம். அந்நிறுவனத்தின் நகர வழிகாட்டிச் செயலி 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. எனினும் அது பழக்கிய வழக்கம் நிலைத்துவிட்டது. மலேசியாவில் 2012ஆம் ஆண்டில் மைதெக்சி என்ற பெயரில் தோன்றி, இன்று கிராப் என வளர்ந்துள்ள நிறுவனமும் இருப்பிடத்தை அறியும் இதே நுட்பத்தின்மீது எழுந்ததேயாகும்.

குளுவாங்கில் மாலை தொடுத்து விற்பவரும், வாழையிலை உணவகம் நடத்துபவரும், தையற்கடை வைத்திருப்பவரும் இதனால் பெறக்கூடிய பயன் பெரிது. கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்யக் கட்டணமில்லை. கட்டணம் கேட்டு அழைப்பவரை நம்புதல் கூடாது. பெயர்ப்பலகையையும் கடையின் உட்புறத்தையும் காணொளியாகக் காட்டி உரிமையை உறுதிசெய்யும் முறை உண்டு. உரிமை கோரப்படாத கடையின் விவரங்களை வேறெவரும் திருத்த முன்மொழியலாம். தீபாவளிக்கு மறுநாள் கடை பூட்டியிருக்க, 'திறந்துள்ளது' என்று வரைபடம் காட்டினால், ஜொகூர் பாருவிலிருந்து வந்து ஏமாந்தவர் மீண்டும் வருவாரா? விளம்பரத்திற்குச் செலவிடுவதற்கு முன்னர், திறக்கும் நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் சரியாக எழுதி வைத்தலே முதற்பணி. வாடிக்கையாளரின் குறைகூறலுக்குச் சினமின்றி மறுமொழி எழுதுதல் அடுத்த பணி. அதைக் குறைகூறியவர் ஒருவர் மட்டுமன்றி, வரவிருக்கும் பலரும் படிக்கின்றனர்.

படம் ஓரிடத்திற்குச் சேர்க்கும் கூட்டத்திற்குப் பத்துமலையே சான்று. அங்குள்ள 272 படிகளும் 2018 ஆகஸ்டில் பல வண்ணம் பெற்றன. சில நாள்களிலேயே அப்படங்கள் சமூக ஊடகங்களின் வாயிலாக உலகெங்கும் பரவின. உடன் வந்தது மற்றொரு கேள்வியும்: மரபுடைமைத் துறையின் முன்னனுமதி பெறப்பட்டதா என அதிகாரிகள் வினவினர். புகழ் விரைந்து வருமிடத்திற்குப் பொறுப்பும் விரைந்து வரும் என்பதை வணிகரும் ஆலயத்தாரும் மறத்தலாகாது.

இனி எல்லையைப் பற்றிக் காண்போம். கடை ஓரிடத்தில் நிற்பது. அது எவ்வளவு பேருக்குத் தெரிகின்றதோ அவ்வளவு நன்மை. ஆள் நடமாடுபவர். அவர் இருக்குமிடம் எவ்வளவு பேருக்குத் தெரிகின்றதோ அவ்வளவு கவலை. தைப்பூசத்தன்று பத்துமலையில் குடும்பத்தோடு நிற்பதாகப் பதிவிடுபவர், தம் வீட்டில் ஆளில்லை என்பதையும் அதே வரியில் ஊரறியச் சொல்லிவிடுகின்றார். இவ்வாபத்தை உணர்த்துவதற்கென்றே 2010ஆம் ஆண்டில் நெதர்லாந்து இளைஞர்கள் 'என்னைத் திருடுங்கள்' எனப் பொருள்படும் பெயரில் ஓர் இணையத்தளம் அமைத்து, வெளியே சென்றிருப்போரின் பதிவுகளைத் தொகுத்துக் காட்டினர். 2018ஆம் ஆண்டில், ஓட்டப் பயிற்சியாளர்கள் பயன்படுத்தும் ஸ்ட்ராவா செயலியின் வரைபடம், வெளிநாடுகளில் இருந்த இராணுவ முகாம்களின் உட்பாதைகளையே வெளிக்காட்டிவிட்டது. கட்டுப்பாடு மிக்க வீரர்களுக்கே இந்நிலை எனில், பள்ளிச் சிறுவர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

ஆதலின் இதனை விலக்க வேண்டுமென்பதன்று கருத்து. திருவிழாக் கூட்டத்தில் முதியோர் வழி தவறாதிருக்க, வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தைக் குடும்பத்தாருக்கு மட்டும் 15 நிமிடமோ, ஒரு மணி நேரமோ, எட்டு மணி நேரமோ காட்டலாம். காலம் முடிந்ததும் அது தானே நின்றுவிடும். கைப்பேசியின் அமைப்புகளில் ஒவ்வொரு செயலிக்கும் 'எப்போதும்', 'பயன்படுத்தும்போது மட்டும்', 'வேண்டாம்' என அனுமதியைப் பகுத்தளிக்க இயலும். பிள்ளைகளின் ஸ்னாப்சாட் வரைபடத்தில் இருப்பிடத்தை மறைக்கும் வசதியும் உண்டு. இன்று இரவே பெற்றோர் பிள்ளைகளுடன் அமர்ந்து, அவர்களைக் கடிந்துகொள்ளாமல், இவற்றைச் சரிபார்த்தல் நன்று. பெற்றோருக்குத் தெரியாததைப் பிள்ளைகளே கற்பிக்கவும் கூடும். உல்லாசப் பயணப் படங்களை வீடு திரும்பியபின் பதிவிட்டால் மகிழ்ச்சி சற்றும் குறைவதில்லை.

அன்பர்களே, ஆலயத்தின் வாயிற்கதவு அனைவருக்கும் திறந்திருக்கின்றது. வீட்டின் கதவோ அழைக்கப்பட்டவருக்கே திறக்கின்றது. இவ்விரண்டு கதவுகளுக்கும் உள்ள வேறுபாட்டை முன்னோர் எவரும் கற்பிக்காமலே அறிந்திருந்தனர். கைப்பேசியிலும் அதே அறிவு வேண்டும். கடையின் இடம் ஊருக்குத் தெரியட்டும்; ஆளின் இடம் உற்றாருக்கு மட்டும் தெரியட்டும். குளுவாங்கின் சிறு வணிகம் செழித்து, குடும்பங்கள் நலமுடன் வாழ இறையருள் துணைநிற்பதாக.